ஒரு குழி நிலம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முகப்பு வளைவில் ‘கம்யூனிட்டி ஃபார்மிங்’ என்று எழுதியிருக்கிறது. நான் பிறந்த தஞ்சைக் கிராமத்தில் கம்யூனிட்டி என்றால் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கும் சாதிச் சான்றிதழ். ஊரும் அந்தச் சான்றிதழ்படியே இருந்தது: நிலம் எங்கள் தெருவில், நட்டு அறுத்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

ஜூன் 12, மேட்டூர் திறக்கும் நாள். அதற்குள் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் தூர்வார வேண்டும். தண்ணீர் வந்தால் முறைவைத்துப் பாய்ச்சல். முறை என்பது பகலில்தான். நடுராத்திரியில் பெரியப்பா எங்கள் மடையை அடைத்துத் தன் வயலுக்கு வெட்டிவிடுவார். அப்பா அரிக்கேன் விளக்கோடு ஓடுவார். இருவரும் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். இருவருக்கும் முப்பாட்டன் ஒருவர்தான். விடிந்தால் பெரியப்பா வயலில் நடவு. குறையும் நாற்று எங்கள் வீட்டிலிருந்து போகும்.

களத்தில் மரக்காலால் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம், ரெண்டு, மூணு...’ அந்த லாபம் அளந்தவர் மடிக்குப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு பாத்தி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுர அடி. எங்கள் ஊர்க் கணக்கில் சரியாக ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. தாத்தாவுக்கு ஒரு வேலி. அப்பாவின் பங்கு ஐந்து மா; அது அக்கா கல்யாணத்தில் போயிற்று. எனக்கு மாதத் தவணையில் ஒரு குழி.

நடுவதும் களையெடுப்பதும் தோட்டக்காரர். மன்னார்குடிப் பக்கம், குறுவை பொய்த்த வருடம் கிளம்பி வந்தவர். ஞாயிறன்று வெண்டைக்காயோடு செல்ஃபி எடுப்பது நாங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று இங்கே யாரையும் சொல்வதில்லை. அவருக்கு சர்வீஸ் லிஃப்ட்.

போன மே மாதம் என் பாத்தி மட்டும் வாடியது. சொட்டுநீர் வால்வை யாரோ திருப்பியிருந்தார்கள். தோட்டக்காரர் சிரித்தார்: “மடையை வெட்டிட்டாங்க சார்.”

எனக்குள் அப்பா எழுந்துவிட்டார். ராத்திரி டார்ச்சோடு இறங்கினேன். வால்வருகே குந்தியிருந்தவர், மூன்று வருடமாக என் எதிர்வீட்டில் இருப்பவர். மனங்குளிரச் சண்டை போட்டோம். முப்பாட்டனுக்குப் போகலாம் என்று நான் வாயெடுத்தபோது அவர் நிறுத்திக் கேட்டார்:

“ஆமா, உங்க பேர் என்ன சார்?”