நொண்டி ராஜாவும் நோட்டுப் புத்தக துரைகளும்

இனுயிட் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள், கூடவே ஒரு மானுடவியலாளர் என்று வடதுருவப் பக்கம் ஒரு பழைய கிண்டல் உண்டு. அவர்கள் சீல் வேட்டைக்குக் கிளம்பினால் பின்னாலேயே ஒருவர் குறித்துக்கொண்டு போவார். சாப்பிட உட்கார்ந்தால் கொழுப்பை எடை போட இன்னொருவர் வருவார். 1970களில் டென்மார்க்கிலிருந்து பாங், டையர்பெர்க் என்று இரண்டு மருத்துவர்கள் கிரீன்லாந்துக்குப் போய் அங்குள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதன் பலன், நம் தெருமுனை மருந்துக் கடை வரைக்கும் மீன் எண்ணெய் மாத்திரை வந்துவிட்டது.

1930களில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டு ரமணாசிரமத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஹாலில் சோபா மேல் கோவணத்தோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எதிரே கால் மடக்கத் தெரியாத துரை ஒருவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். ஆரம்பித்துவைத்தவர் பால் பிரண்டன். இயற்பெயர் ரஃபேல் ஹர்ஸ்ட், லண்டன் பத்திரிகைக்காரர். 1931ல் இந்தியா முழுக்க சாமியார் தேடி அலைந்தவரை ரமணரிடம் போகச் சொன்னவர் காஞ்சிப் பெரியவர். 1934ல் புத்தகம் வந்தது. அப்புறம் ஐரோப்பாவில் மனக்குழப்பம் உள்ள யாருக்கும் திருவண்ணாமலைக்கு வழி கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஆசிரம நிர்வாகம் ரமணரின் தம்பி சின்னசுவாமி கையில். வகித்த பதவியின் பெயரே சர்வாதிகாரி, பார்த்ததும் அதே உத்தியோகம்தான். துரை வருவதும் எழுதுவதும் போவதும் புத்தகம் போடுவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் பிரண்டன் ஹாலுக்குள் குறிப்பெடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார். இன்று கனடாவில் இனுயிட்டுகளின் நுனாவுட்டில் உரிமம் இல்லாமல் ஒருவரும் ஆராய்ச்சி செய்ய முடியாது. சின்னசுவாமிக்கு அது எப்போதோ தோன்றிவிட்டது.

நுனாவுட்டுக்காரர்களைக் குறை சொல்லமுடியாது. 1897ல் துருவப் பயணி ராபர்ட் பியரி ஆறு இனுயிட்டுகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் நியூயார்க் அருங்காட்சியகத்தில் விட்டார். நிலவறையில் தங்கவைத்து அளவெடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் நாலு பேர் போய்ச் சேர்ந்தார்கள். பியரியின் கப்பலுக்கு முந்தைய வருஷம்தான் இங்கே, பின்னாளில் ரமணர் ஆகப்போகிற வெங்கடராமன் என்ற மதுரைப் பையன் கோயில் பாதாள லிங்கத்தில் தானாகப் போய் உட்கார்ந்தான். தொடையைப் பூச்சி அரித்தது. ஊர்ப் பொடியன்கள் கல்லெறிந்து சோதனை நடத்தினார்கள். ஊரில் இருந்த சாமியார் சேஷாத்ரி சுவாமிகள் வந்து விரட்டினார். நியூயார்க்கில் ஒரு சேஷாத்ரி இல்லை.

1938ல் வந்தவர் சாமர்செட் மாம். முழங்கால் வரைக்கும் நாடா கோத்த பூட்ஸ் போட்டிருந்தார். அதைக் கழற்ற யாரால் ஆகும்? ஹாலை வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. நடுவில் மயங்கி விழுந்தார். ஆசிரமவாசி மேஜர் சாட்விக்கின் அறையில் படுக்கவைத்தார்கள். நடக்க முடியாத நாவலாசிரியரைப் பார்க்க ரமணரே எழுந்து வந்தார். வேளை பார்த்து விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும். வெயிலோ பயணக் களைப்போ, மயக்கத்துக்குக் காரணமா இல்லை இந்த ஊரில்? நம்மவர்களோ அதைச் சமாதி நிலை என்று முடிவுகட்டி இந்தியா முழுக்கப் பரப்பிவிட்டார்கள். தனக்கு அதற்கு முன்னாலும் மயக்கம் வந்ததுண்டு என்று அந்த மனிதர் 1958ல் எழுதிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அதற்குள் 1944லேயே அவர் நாவலில் ஸ்ரீ கணேஷா என்ற பெயரில் ஒரு சாமியார் திருவிதாங்கூரில் குடியேறியிருந்தார்.

இத்தனை பேர் வந்தும் ஒருவருக்கும் பிடிபடாத விஷயம், அசல் களப்பணி மலை மேல் என்றைக்கோ நடந்து முடிந்திருந்தது. செய்தவர் சோபாவில் இருந்தவர்.

மலை மேல் விரூபாக்ஷ குகையில் அவர் இருந்த நாட்களில் ஒரு குரங்குக் குட்டியை அதன் தலைவன் கடித்துப் போட்டுவிட்டுப் போனான். ரமணர் எடுத்து மருந்து போட்டார். நொண்டி நடந்ததால் பெயர் நொண்டி. சில நாள் கழித்து கூட்டம் திரும்பி வந்தபோது அது அவர் மடியில் இருந்தது. மனிதன் தொட்ட குரங்கைக் கூட்டம் சேர்க்காது என்பது அவர்கள் சாதிக் கட்டுப்பாடு. நொண்டிக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பிற்பாடு நொண்டியே ராஜா ஆனான். இதை ரமணரே சொல்லியிருக்கிறார். ராஜ்ய வழக்குகளும் அவரிடம்தான் வந்தன. இரண்டு கூட்டத்துக்கு எல்லைத் தகராறு என்றால் சமரசம் அவர் பொறுப்பு. ஜேன் குடால் 1960ல் கோம்பேவுக்குப் போய் சிம்பன்சிகளுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்தார் என்று பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். இங்கே நாற்பது வருஷத்துக்கும் மேல் முன்பே நொண்டிக்குப் பெயரும் இருந்தது, பால் டம்ளரும் இருந்தது.

அந்தப் பாலால் ஒரு கலவரம். சூடாக இருக்கிறதே என்று ரமணர் ஊதுவதற்காக வாயருகே கொண்டுபோனார். குடிக்கப்போகிறார் என்று நினைத்த நொண்டி கண்ணருகே ஒன்று விட்டான். உடனே மடிக்கு வந்து குழைந்ததால் மன்னிப்பு. இன்னொரு தடவை சிந்திச் சாப்பிட்டதற்குக் கண்டித்தபோதும் அடித்தான். அதற்குச் சில நாள் மடி ஏறத் தடை. மகரிஷியை இரண்டு முறை கை நீட்டி அடித்துவிட்டு ராஜ்யமும் ஆண்டவன் சரித்திரத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

நாய்களும் தப்பவில்லை. அவருக்கு அவை ‘பசங்கள்’. பந்திக்கு முன்னால் பசங்கள் சாப்பிட்டாயிற்றா என்று விசாரணை நடக்கும். கமலா என்ற நாய் வந்தவர்களைக் கூட்டிப்போய் மலையைச் சுற்றித் தீர்த்தங்களையும் லிங்கங்களையும் காட்டிவிட்டுத் திரும்பும், பேரம் கிடையாது. கிரிவலப் பாதையில் அந்த நேர்மையை இப்போது தேடவேண்டாம்.

களப்பணி ஒருமுறைதான் சொதப்பியது. மலையில் நடக்கையில் அவர் தொடை ஒரு புதரில் உரசியது. உள்ளே குளவிக் கூடு. ஓடியிருக்கலாம். அந்தக் காலுக்கு இது வேண்டும் என்று நின்றார். குளவிகளும் தாட்சண்யம் பார்க்காமல் கொட்டின. கால் வீங்கிப்போயிற்று. நடந்து வெகுகாலம் ஆனபிறகு அடியார் முருகனாருக்கு இதில் சந்தேகம்: தெரியாமல் பட்டதற்கு ஏன் வருத்தம்? புலவர் இல்லையா, கேள்வியைச் செய்யுளாகவே கேட்டார். செய்யுளாகவே பதில் வந்தது. வீட்டை இடித்தது இடித்ததுதானே என்கிற அளவில் மன்னிப்பு மனு. ஆராய்ச்சி நெறிமுறைக் குழு என்று பல்கலைக்கழகங்கள் இன்று முப்பது பக்கப் படிவம் நீட்டுகின்றன. குளவிகளுக்கு ஒரு பாட்டு போதுமானதாக இருந்தது.