மூக்கொழுகும் நாளில் ஏரியைச் சுற்றலாமா? பழனி மலைத்தொடரை முன்வைத்து ஓர் ஆய்வு

கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று நடந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். உடம்பு சரியில்லாத காலையில் அதை நடப்பதா, கம்பளிக்குள் கிடப்பதா என்ற வினா சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தனிக் கூர்மை பெறுகிறது. சமவெளியில் மூக்கொழுகினால் சளி என்பார்கள். இங்கே அதைப் பருவநிலைக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஊரே நோயில் பிறந்ததுதான். மதுரைச் சீமைக் காய்ச்சலுக்குத் தப்பி அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். மோட்டார் சாலை வருமுன் துரைமாரை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் சுமந்து ஏறினார்கள். அதாவது காய்ச்சல் ஒருவருக்கு, உடற்பயிற்சி இன்னொருவருக்கு. சுமப்பவருக்கே காய்ச்சல் கண்டால்? படுத்தால் அன்றைய கூலி போச்சு; ஆகவே அவருக்கு இந்த ஆய்வு வினா எழவே வழியில்லை. 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். நடக்க ஒரு வட்டம் கிடைத்தது. நடக்காதவருக்குக் குற்றவுணர்வும் கூடவே கிடைத்தது.

இதே மலைத்தொடரின் அடிவாரப் பழனியில் மரபு வேறு. பழத்துக்காக உலகையே சுற்றிய முருகனுக்கு அது கிடைக்கவில்லை. அம்மையப்பரைச் சுற்றிய அண்ணன் வாங்கிக்கொண்டார். முழுச்சுற்று அடித்தவர் கோபித்துக்கொண்டு வந்து நின்ற மலை இது என்பதைக் கம்பளிக் கட்சியினர் சாஸ்திர ஆதாரமாகக் காட்டக்கூடும். ஆனால் வேண்டுதலைக் கவனியுங்கள்: “காய்ச்சல் விடட்டும் முருகா, படியேறி வர்றேன்.” முதலில் குணம், பிறகுதான் 693 படிகள். மருத்துவரும் இந்த வரிசையைத்தான் சொல்வார். 1966இல் வந்த விஞ்சிலும் 2004இல் வந்த ரோப் காரிலும் போனால் வேண்டுதல் கழியுமா என்ற வழக்கு மட்டும் பாட்டிமார் மன்றத்தில் நிலுவையில் உள்ளது.

மருத்துவத் தரப்புக்கு வருவோம். 1993இல் அமெரிக்க மருத்துவர் ராண்டி ஐக்னர் கழுத்தை எல்லைக்கோடாக்கினார். கோளாறு கழுத்துக்கு மேலே, மூக்கொழுகல், தும்மல் அளவில் இருந்தால் மெதுவாக நடந்து பார்க்கலாம். நெஞ்சுச்சளி, உடம்புவலி, வயிற்றுக்கோளாறு, காய்ச்சல் என்றால் படுத்துவிட வேண்டும். சில வைரஸ்கள் இதயத் தசையையே வீங்கவைக்கும், அந்நேரத்தில் ஓடுவது ஆபத்து. 1998இல் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் மாணவர்கள் மூக்கில் சளிக் கிருமியை விட்டே சோதித்தார்கள். மிதமாகப் பயிற்சி செய்தவருக்கும் சும்மா இருந்தவருக்கும் சளி ஒரே மாதிரிதான் இருந்தது.

ஐக்னரின் கழுத்து விதியைக் கொடைக்கானலில் அமலாக்க முடியாது. மங்கி குல்லாவும் மப்ளரும் சேர்ந்து கழுத்து என்ற உறுப்பையே ஒழித்துவிட்டன. ஆகவே தெர்மாமீட்டரை எல்லையாகக் கொள்ளலாம்: காய்ச்சல் என்றால் கம்பளி, வெறும் மூக்கொழுகல் என்றால் பாதிச் சுற்றும் மலைப்பூண்டு ரசமும். அதற்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, பூண்டுக்குத்தான், ரசத்துக்கல்ல. நெஞ்சுச்சளியோடு “ஒரே ஒரு ரவுண்டு” என்று கிளம்பும் மாமாக்களுக்குத் தெர்மாமீட்டர் போதாது, வீட்டார் வாசலிலேயே மறிக்க வேண்டும். குதிரையில் போகிறேன் என்றாலும் விடக்கூடாது. உடற்பயிற்சி குதிரைக்குப் போனாலும் குளிர்காற்று மாமாவுக்குத்தான்.