'இம்பைப்': நற்பண்பு முதல் நாட்டுச் சரக்கு வரை ஓர் ஆய்வு

பள்ளி ஆண்டு விழாவில் ஆங்கிலத்தில் பேசும் சிறப்பு விருந்தினர், மாணவர்கள் நற்பண்புகளை 'இம்பைப்' செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவது அரிது. அதே சொல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தால், யாரோ ஒருவர் மதுக்கடையிலிருந்து தள்ளாடியபடி வெளியே வருகிறார் என்று பொருள் கொள்ளலாம். ஒரே வினைச்சொல்லுக்கு இந்த இரட்டை வாழ்க்கை எப்படி வாய்த்தது? இதை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் நிதி ஒதுக்காததால், ஆய்வு சிக்கனமாகவே நடந்தது.

முதலில் பூர்வீகம். லத்தீனில் 'பிபெரே' என்றால் குடித்தல். அதன் முன்னால் 'இன்' ஒட்டியதும் 'இம்பிபெரே', அதாவது உள்ளே இழுத்துக்கொள்ளுதல், ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் ரசவாதிகளின் தொழிலைச் சொல்லும் இடத்திலேயே இந்தச் சொல் தலைகாட்டிவிட்டது. 'பெவரேஜ்' இதற்கு நெருங்கிய உறவு.

தூரத்து உறவுகள் இன்னும் சுவையானவை. சமஸ்கிருதத்தின் 'பிபதி', 'பானம்' இரண்டும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே ராமநவமியன்று சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொடுக்கும் பானகம் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. விஷத்தைக் குறிக்கும் 'பாய்சன்' அதன் பங்காளி. அறிஞர்கள் கூடும் 'சிம்போசியம்' பண்டைக் கிரேக்கத்தில் கூடி மது அருந்தும் விருந்து. கருத்தரங்குக்குப் போகும் பேராசிரியர்கள் இதை வீட்டில் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லை அறிவியலில் ஊன்றியவர்களில் ஸ்டீபன் ஹேல்ஸ் முக்கியமானவர். டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார். செடிகள் எவ்வளவு நீரை 'இம்பைப்' செய்கின்றன என்று அளந்து, 1727இல் 'வெஜிடபிள் ஸ்டேட்டிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். இரும்புப் பானையில் பட்டாணியும் நீரும் இட்டு, மூடியின் மேல் பாரம் ஏற்றிவைத்தார். ஊறிய பட்டாணி பாரத்தோடு மூடியைத் தூக்கிவிட்டது. இதே ஹேல்ஸ் 1734இல் பிராந்தி குடிப்பவர்களைக் கண்டித்துச் சிறு நூலும் எழுதினார். பட்டாணிக்கு அனுமதி, மனிதனுக்குத் தடை என்பது அவர் கொள்கை.

அவருடைய சோதனையை எந்தச் சமையலறையிலும் சரிபார்க்கலாம். டப்பா நிறையக் கொண்டைக்கடலை போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடிவிட்டுத் தூங்கினால் போதும். முதலில் தோல் மட்டும் நீரைக் குடித்துச் சுருக்கம் விழும். பிறகு பருப்பு உப்பிச் சுருக்கம் மறையும். காலையில் மூடி மேலெழும்பி நிற்கும். இதற்கு விதை உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. செத்த விதையும் நீரை இழுக்கும், உப்பும், முளைக்காது, அவ்வளவுதான். ஆண்டு விழாச் சொற்பொழிவாளர்கள் இந்த முடிவைக் கவனிப்பது நலம்.

சொல்லின் எல்லாப் பொருளையும் ஒரே வளாகத்தில் காண விரும்புவோர் சர்க்கரை ஆலைக்குப் போகலாம். உருளைகளில் நசுங்கி வரும் கரும்புச் சக்கையில் இன்னும் இனிப்பு மிச்சமிருக்கும். கடைசி அரவைக்கு முன் அதன்மேல் தண்ணீரைத் தெளிப்பார்கள். சக்கை அதைக் குடிக்கும். அடுத்த உருளை சர்க்கரையோடு சேர்த்துப் பிழிந்துவிடும். இந்தத் தண்ணீருக்கு ஆலையில் 'இம்பிபிஷன் வாட்டர்' என்றே பெயர். சாறு சர்க்கரையாகிறது, மிஞ்சும் கழிவுப்பாகு வடிசாலைக்குப் போய்ச் சாராயமாகிறது. அதற்குப் பிறகு நடக்கும் இம்பிபிஷனுக்கு ஆலை பொறுப்பல்ல.

எஞ்சியது இலக்கணச் சிக்கல். எதை உள்வாங்கினார் என்று சொன்னால் அறிவு, பண்பு, நீர் என எதுவும் பொருந்தும். செயப்படுபொருள் குன்றிவிட்டால், ஆங்கிலேயர் காதில் அது மது ஒன்றையே குறிக்கும். ஆகவே, 'எங்கள் மாணவர்கள் தினமும் இம்பைப் செய்கிறார்கள்' என்று ஆண்டறிக்கையில் எழுத நினைக்கும் தலைமையாசிரியர்கள், எதை என்பதையும் சேர்த்து எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.