பதினைந்து வயசு பி.ஏ.

எங்கள் ஜவளகிரி யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. பன்னேர்கட்டா காட்டில் பகல் தூக்கம், எங்கள் ராகிக் கொல்லையில் ராத்திரிச் சாப்பாடு. மனுஷர்களில் அப்படிக் கூச்சமில்லாமல் எல்லை தாண்டியவர் ஓசூர் பக்கம் தொரப்பள்ளி முனிசீப் மகன், ராஜகோபாலாச்சாரி. பின்னாளில் ராஜாஜி.

1878 டிசம்பரில் பிறந்த பிள்ளை, 1891-ல் மெட்ரிகுலேஷனை முடித்துவிட்டு பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் படிக்கப் போயிற்று. 1894-ல் பி.ஏ. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு அந்த வயசுப் பையன்களுக்கு பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஜுரம் வந்துவிடுகிறது. காலேஜ் மைசூர் மகாராஜா ராஜ்யத்தில். பட்டம் தந்தது மெட்ராஸ் யுனிவர்சிட்டி. வாத்தியார் டெய்ட் துரை ஸ்காட்லாந்துக்கு ரக்பி ஆடியவர். அவர் எதிரே நம்ம ஒல்லிப் பையன்!

அங்கே கூட்டுச் சேர்ந்தவர் மைசூர்க்காரரான நவரத்ன ராமராவ். ஒருவருக்குப் பெயரிலேயே ஒன்பது ரத்தினம். மற்றவர் கடைசிவரை சேர்த்த ஆபரணம் ஒரு கறுப்புக் கண்ணாடி.

இவர்கள் பாடம் படித்த நாளில்தான், 1892-ல், மெட்ராஸ் பெரியவர்களும் மைசூர் பெரியவர்களும் காவிரிக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். 1924-ல் மறுபடி எழுதினார்கள். 1990-ல் நடுவர் மன்றம், அப்புறம் சுப்ரீம் கோர்ட். பையன்கள் இருவரும் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. அதனால்தானோ என்னவோ, சாகும்வரை வழக்கு வரவில்லை.

வருவதற்குக் காரணமா இல்லை? ராஜாஜி சேலத்தில் வக்கீலாகி, காந்தியிடம் போய், 1921 கடைசியில் வேலூர் ஜெயிலுக்குள் இருந்தார். ராமராவ் மகாராஜா உத்தியோகத்தில் அமல்தாராகி மேலே ஏறினார். ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஆசிரமம் வைத்து ஊரையே கதர் நூற்க வைத்தார். ராமராவோ மைசூர்ப் பட்டை வளர்த்த அதிகாரி. அகிம்சாவாதிக்கு உயிர் நண்பர், கூட்டோடு புழுவைக் கொதிநீரில் போடும் இலாகாக்காரர்! இதற்குமேல் என்ன கொள்கை வேறுபாடு வேண்டும்? நம் ஆட்கள் வாட்ஸாப் குரூப்பை விட்டு வெளியேற இதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

1948-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரல். ராமராவ் கன்னடத்தில் ‘கெலவு நெனபுகளு’ என்று நினைவுகளை எழுதிப் பெயர் வாங்கினார்.

இப்போதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரில்தான் படிக்கிறார்கள். காவிரிக் கலாட்டா வந்தால் பஸ் ஓசூரோடு நின்றுவிடும். பையை மாட்டிக்கொண்டு அத்திப்பள்ளிவரை நடக்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் கன்னடத்துச் சினேகிதன் பைக்கோடு நிற்பான். பெட்ரோலுக்குக் காசு கேட்பான், அது வேறு விஷயம்.