கூட்டம் போட்டுக் குடியேறியவர்கள்

கோஹவுசிங் என்பது அக்கம்பக்கத்தாரை முதலில் தேடிக்கொண்டு, வீட்டைப் பிறகு கட்டும் முறை. ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர். வீட்டை வாங்கி, பால் காய்ச்சி, கடன் தவணையும் தொடங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பது தெரியவரும். கோஹவுசிங்கில் ஒவ்வொருவருக்கும் சமையலறை, குளியலறையோடு தனி வீடு உண்டு. உள்ளே தாழிட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டு. பெரிய சமையலறை, சாப்பாட்டுக் கூடம், தோட்டம், துணி துவைக்கும் அறை, விருந்தினர் அறை ஆகியவை எல்லோருக்கும் பொது. இதைக் கூட்டுக்குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டுக்குடும்பத்தில் யாரும் யாரையும் கேட்டு வந்து சேர்வதில்லை.

இதன் பிறந்த வீடு டென்மார்க். கட்டடக்கலைஞர் யான் குட்மண்ட் ஹோயர் 1964-இல் நண்பர்களோடு சேர்ந்து, கோபன்ஹேகனுக்கு வெளியே ஹாரெஸ்கோவில் இடம் பிடித்தார். நடுவில் பொதுக்கட்டடம், சுற்றிலும் வீடுகள், அண்டை அயலாரோடு அன்னியோன்னியமான வாழ்க்கை என்பது திட்டம். அதைக் கெடுத்தவர்கள் அண்டை அயலார்தான். பிள்ளைகள் பெருகினால் சத்தம் பெருகும் என்று எதிர்ப்புக் கிளம்ப, இடத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. 1967-இல் போடில் க்ரோ என்ற எழுத்தாளர், குழந்தை ஒவ்வொன்றுக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். இரண்டு பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த குழந்தைகளிடம் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பெரியவர்களுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. 1972-இல் ஹில்லரோட் நகருக்கு அருகே 27 வீடுகளோடு செட்டடாமன் குடியிருப்பு எழுந்தது.

குழந்தைகளுக்காகப் பிறந்த யோசனை முதியோரிடம் வந்து சேரக் காரணம், அந்தக் குழந்தைகள் வளர்ந்து வெளியேறியதுதான். நாலு படுக்கையறை வீட்டில் இருவர் மிஞ்சினர், பிறகு ஒருவர். 1987-இல் கோபன்ஹேகனில் மிட்கார்டன் என்ற குடியிருப்பு முதியோருக்கென்றே தொடங்கியது. நெதர்லாந்திலும் இவை பரவின.

இந்தக் குடியிருப்புகளின் கட்டட அமைப்பில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காரை வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. ஓரத்தில் விட்டுவிட்டு எல்லோர் வாசலையும் கடந்து நடக்க வேண்டும். சமையலறை ஜன்னல் பொதுப்பாதையைப் பார்த்து இருக்கும். தபால் பெட்டிகள் பொதுக்கட்டடத்தில் ஒரே இடத்தில் இருக்கும். ஆக, மின்கட்டண ரசீதை எடுத்துவரப் போனவர் மூன்று பேரின் மூட்டுவலி விவரத்தோடுதான் திரும்புவார். யாராவது காலையில் கண்ணில் படவில்லையென்றால் பத்து மணிக்குள் கதவு தட்டப்படும். தனியாக வாழும் முதியவருக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

பொதுச்சமையல் வாரத்தில் சில நாட்கள் நடக்கும். ஆட்கள் நிறைய இருக்கும் இடத்தில் ஒருவருக்கு மாதத்தில் ஓரிரு நாள்தான் முறை வரும். உப்புக் குறைவு என்று சொல்பவரே அடுத்த வாரம் கரண்டி பிடிக்க வேண்டியவர் என்பதால், விமர்சனம் பெரும்பாலும் மென்மையாகவே வெளிப்படும்.

இங்கிலாந்தின் கதைதான் இதில் நீளமானது. நெதர்லாந்து முதியோர் குடியிருப்புகளை ஆராய்ந்த மரியா பிரெண்டன் சொன்னதைக் கேட்டு, 1998-இல் லண்டனில் சில பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் மட்டும் வாழும் குடியிருப்பு வேண்டும் என்றார்கள். லண்டன் நில விலை ஒரு பக்கம். இவ்வளவு முதியவர்களும் தங்கள் எல்லைக்குள் வந்து சேர்ந்தால் பராமரிப்புச் செலவு யார் தலையில் விழும் என்ற உள்ளாட்சிகளின் கணக்கு மறுபக்கம். ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டால் அந்தச் செலவு குறையத்தானே செய்யும் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கடைசியில் ஹை பார்னெட்டில், பழைய கன்னிமாடப் பள்ளி இருந்த இடத்தில், நியூ கிரவுண்ட் என்ற பெயரில் 25 வீடுகள் எழுந்தன. 17 சொந்த வீடுகள், 8 குறைந்த வாடகை வீடுகள். குடியேறியது 2016 டிசம்பரில். இடைப்பட்ட 18 ஆண்டுகளும் கூட்டம், கூட்டம், மேலும் கூட்டம். சிலர் விலகினார்கள், சிலர் காத்திருந்தே காலமானார்கள். மிஞ்சியவர்கள் போட வேண்டிய சண்டைகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே போட்டு முடித்திருந்தார்கள். ஆண்கள் விருந்தாளியாக வரலாம், குடியிருக்க முடியாது.

கோவையைச் சுற்றிலும் உள்ள முதியோர் குடியிருப்புகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: புகார். அங்கே நிறுவனம் நடத்துகிறது; சாம்பார் தண்ணீராக இருந்தால் மேனேஜரைத் திட்டலாம். ஓய்வுக்காலத்தில் அது சாதாரண இன்பமல்ல. கோஹவுசிங்கில் மேனேஜர் இல்லை. தோட்டத்துக்கு ஒரு குழு, துப்புரவுக்கு ஒரு குழு, கணக்குக்கு ஒரு குழு, எல்லாவற்றிலும் குடியிருப்பவர்களே. படிக்கட்டு அழுக்காக இருக்கிறது என்று முறையிடப் போனவர், துப்புரவுக் குழுவின் புதிய உறுப்பினராகத் திரும்பும் ஆபத்து எப்போதும் உண்டு. முடிவுகள் கூடியவரை ஒருமனதாக எடுக்கப்படுவதால், சுவருக்கு என்ன நிறம் என்பது ஒரே மாலையில் முடிகிற விஷயமல்ல. வயதானவர்களின் மூளைக்கு வேலை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இங்கே அதற்குத் தனியாகக் குறுக்கெழுத்துப் புதிர் தேவையில்லை.

ஒன்றை மட்டும் இந்தச் சமூகங்கள் தெளிவாகவே சொல்லிவிடுகின்றன. இது மருத்துவமனையல்ல, அண்டை வீட்டார் நர்சும் அல்ல. காய்ச்சலென்றால் கஞ்சி வரும், மருந்து வாங்கிவர ஆள் கிடைக்கும், ஆஸ்பத்திரிக்குத் துணை வரும். படுத்த படுக்கையானால் குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் வெளியிலிருந்து ஆள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். செலவும் குறைவென்று சொல்ல முடியாது. சொந்த வீட்டை விற்ற பணம் கையில் உள்ளவர்களுக்கே பல இடங்களில் கதவு எளிதாகத் திறக்கிறது. நியூ கிரவுண்டின் வாடகை வீடுகள் எட்டும் ஓர் அறக்கட்டளையின் நிதியுதவியால்தான் சாத்தியமாயின.

நியூ கிரவுண்டில் வீடு காலியாவது அபூர்வம். காத்திருக்கும் பெண்கள் வெளியுறுப்பினர்களாகச் சேர்ந்து முன்கூட்டியே பழகிக்கொள்கிறார்கள். எழுபதில் இப்படியொரு குடியிருப்பில் இருக்க ஆசைப்படுகிறவர் ஐம்பதிலேயே ஆள் சேர்க்கத் தொடங்குவது நல்லது. நாற்காலிகளும் நிறையவே வாங்கி வைக்க வேண்டியிருக்கும்.