யோசனை ஐயாவுடையது, உடம்பு அம்மாவுடையது

சுதந்திர இந்தியாவின் சர்க்கார் முதன்முதலில் கையிலெடுத்த கருத்தடைச் சாதனம் ஒரு பாசிமணி மாலை. திருவிழாக் கடையில் விற்கிற சமாச்சாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆசியோடு வந்த மாலை.

அப்போது சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர். கபூர்தலா அரச குடும்பம், காந்தியின் நீண்டகாலச் செயலாளர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். ரப்பர், ஜெல்லி போன்ற வஸ்துக்கள் அவருக்கு ஒவ்வாது. ஆனால் 1951 கணக்கெடுப்பில் ஜனத்தொகையோ 36 கோடி. மருந்தில்லாமல், கருவியில்லாமல், முக்கியமாகப் பாவமில்லாமல் ஒரு வழி வேண்டும். மாதத்தில் சில நாள் சும்மா இருந்தால் போதும் என்று சொல்வதற்கு அமெரிக்காவிலிருந்து டாக்டர் ஏப்ரகாம் ஸ்டோன் வரவழைக்கப்பட்டார்.

நம் பெண்களுக்கு நாள் எண்ணத் தெரியாது என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். ஏகாதசி, கிருத்திகை, தூரமான நாள், பால்காரன் பாக்கி, மாமியார் கடைசியாக முறைத்த தேதி எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருந்தவர்களுக்கு! ஆகவே 28 மணிகள் கோத்த மாலை. தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை, சிவப்பு மணி வந்தால் புருஷன் திண்ணையில் படுத்துக்கொள்ள வேண்டும். சோதனை நடந்த இடங்கள் இரண்டு. டெல்லி லோதி காலனி, மைசூர் மாநிலத்து ராமநகரம். பின்னால் 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் குடியிருந்த பாறைகள் உள்ள அதே ராமநகரம். அந்த ஊர் பார்த்த முதல் விபரீதம் கப்பர் இல்லை.

கோளாறு முதலில் இருட்டில் கிளம்பியது. விளக்கணைத்த பிறகு பச்சை எது, சிவப்பு எது? உடனே நிபுணர்கள் கூடி, ஒரு வகை மணியை உருண்டையாகவும் மற்றதைச் சதுரமாகவும் செய்தார்கள், தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள. அடுத்து, சிலர் மணியைத் தலைகீழாகத் தள்ளினார்கள். ஒரே பக்கம் மட்டும் நகரும்படி அதற்கொரு கொக்கி. சிலர் மணியைத் தள்ளிவிட்டாலே காரியம் முடிந்தது, மிச்சத்தை மாலை பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். குழந்தைகளுக்கோ விளையாட ஒன்று கிடைத்தது. அந்த மாலையையும் மீறிப் பிறந்த தம்பி தங்கைகளும் அதை வைத்தே விளையாடியிருப்பார்கள். புருஷன்மார்கள் திண்ணைக்குப் போனார்களா என்பதை மட்டும் எந்தக் கொக்கியாலும் உறுதி செய்ய முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் மாலையை அவர்கள் கழுத்தில்தான் போட்டிருக்க வேண்டும்.

அம்ருத் கௌரைக் குறை சொல்லிப் பயனில்லை. குருநாதர் அப்படி. 1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து கருத்தடைக்காகக் காந்தியிடம் மன்றாடிப் பார்த்தார். பிள்ளை வேண்டுமென்றால் மட்டும் சேருங்கள், வேண்டாமென்றால் பிரம்மச்சரியம் என்பதில் காந்தி அசையவில்லை. நாலு பிள்ளை பெற்ற பிறகு, 36 வயதுக்கு மேல் சத்தியம் செய்துகொண்டவர் சொன்னால் மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்?

அன்னிபெசன்ட் கதை இதைவிட வேடிக்கை. 1877-இல் லண்டனில் கருத்தடைப் புத்தகம் ஒன்றைப் நண்பர் பிராட்லாவோடு சேர்ந்து வெளியிட்டு, ஆபாசம் என்று கூண்டில் ஏறியவர். தண்டனை மேல்முறையீட்டில் போனது. ஆனால் மகள் மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தகப்பனிடம் கொடுத்தது கோர்ட்டு. பக்கவிளைவு என்றால் இதுவல்லவா பக்கவிளைவு! அப்படிப்பட்ட அம்மாள் பிரம்மஞானத்துக்கு மாறிய பிறகு, 1891-இல் தாம் எழுதிய ஜனத்தொகைப் புத்தகத்தையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். அவர் அடையாற்றில் ஆத்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே சென்னையில், 1920-களின் இறுதியில், கருத்தடைக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள் படித்த பெரிய மனிதர்கள். ஏழைகள் அதிகம் பெறுகிறார்களே என்பது அவர்கள் கவலை. ஈரோட்டிலிருந்து பெரியார்தான் குறுக்கே புகுந்தார். தேச வளம், தாயின் ஆரோக்கியம் எல்லாம் இருக்கட்டும், பெண்ணுக்கு விடுதலை வேண்டுமா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார். இந்த விஷயத்தில் அந்த உடம்பின் சொந்தக்காரியை நினைத்துப் பேசிய ஆண்கள் அப்போது அபூர்வம். இப்போது மட்டும் என்ன, வரிசையில் நிற்கிறார்களா?

1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநில அதிகாரி ஆர். ஏ. கோபாலசாமி ஐ.சி.எஸ். ஒரு நேர்வழி கண்டுபிடித்தார். மாலையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய். ஆணுக்குச் செய்வது சின்ன வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆண்கள் வந்தார்கள், அதுதான் அதிசயம். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60,000-க்கு மேற்பட்ட ஆண்கள் திருவிழாபோல வந்து செய்துகொண்டு போனார்கள். பெண்களுக்குப் பக்கவிளைவே இல்லாத ஒரு முறை கிட்டத்தட்ட வெற்றி பெற்றுவிட்டது.

பொறுக்குமா? எமர்ஜென்சி வந்தது. 1976-77-இல் 80 லட்சத்துக்கு மேல் அறுவை, அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். வடக்கே ஆளைப் பிடித்து மேஜையில் படுக்க வைத்தார்கள். தேர்தல் வந்ததும் எழுந்து உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். அதோடு எல்லாக் கட்சிக்கும் ஞானம் பிறந்தது. ஆண்பிள்ளை மேல் கை வைத்தால் ஆட்சி போகும். பெண்பிள்ளை மேல் வைத்தால்? எதுவும் போகாது.

இடையில் 1965-இல் கருப்பைக்குள் பொருத்தும் 'லூப்' வந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். பொருத்தியதோடு சரி, உதிரப்போக்கு வரும், வலி வரும் என்று முன்கூட்டிச் சொல்லவோ பிறகு கவனிக்கவோ ஆளில்லை. டாக்டர் சொல்லாததை ஊர் சொன்னது. லூப் மேலே ஏறி மூளைக்குப் போய்விடும், புருஷனுக்கு ஷாக் அடிக்கும் என்று! பெண்டாட்டிக்கு ரத்தம் கொட்டியபோது அசையாத வீடுகள், ஷாக் என்றதும் அலறியிருக்கும். 1968-இல் ஆணுறையைச் சர்க்கார் மூன்று 15 பைசாவுக்கு விற்றது. டீத்தூள், சோப்பு கம்பெனிகள் மூலமாக மூலைமுடுக்கெல்லாம் அனுப்பியது. அதற்கு முதலில் யோசித்த பெயர் 'காமராஜ்' என்றும், காங்கிரஸ் தலைவர் பெயரே அதுதான் என்று யாருக்கோ உறைத்ததும் 'நிரோத்' ஆனது என்றும் சொல்வார்கள். பிரம்மச்சாரியான நம் பெருந்தலைவர் மயிரிழையில் தப்பினார்.

ஆண்களுக்கு மாத்திரையே செய்யவில்லை என்று அபாண்டம் பேசக்கூடாது. 1950-களின் முடிவில் அமெரிக்காவில் சிறைக்கைதிகளுக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரமாதமாக வேலை செய்தது. சாராயம் குடித்தால் மட்டும் குமட்டல், முகம் சிவப்பு, படபடப்பு. அவ்வளவுதான், மருந்தைத் தூக்கிப் போட்டார்கள், சாராயத்தை அல்ல. அதே காலத்தில் போர்ட்டோ ரீக்கோவில் பெண்களுக்கான மாத்திரையைச் சோதித்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, இது சரிப்படாது என்று எழுதினார். மேலிடத்து விஞ்ஞானிகள் அதை மனப்பிரமை என்றார்கள். மாத்திரை கடைக்கு வந்துவிட்டது. நம் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுஜோய் குஹா 1970-களிலேயே ஆண்களுக்கு ஓர் ஊசி யோசித்தார். 303 பேரிடம் நடந்த சோதனையில் 99 சதவீதம் பலித்தது என்று 2023-இல் அறிக்கையும் வந்தது. ஊசி இன்னும் கடைக்கு வரவில்லை. ஆண்கள் அவசரப்படவும் இல்லை.

லக்னோவில் நித்ய ஆனந்த் குழுவினர் ஹார்மோன் இல்லாத வார மாத்திரை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1991-இல் 'சஹேலி' என்று வந்தது. வாந்தியில்லை, தலைசுற்றலும் அதிகமில்லை, சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். உருப்படியான சரக்கு. சர்க்கார் தன் இலவசப் பட்டியலில் சேர்க்க 2016 ஆனது. அரசாங்கத்துக்கு மட்டும் தள்ளிப்போனால் யாரும் பதறுவதில்லை.

இவ்வளவும் சுற்றிவிட்டுத் திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் பக்கம் வந்து பாருங்கள். தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் கருத்தடைக்கு ஒரே பெயர் ஆபரேஷன். யாருக்கு என்று கேட்டால் உங்களை வெளியூர் என்று கண்டுகொள்வார்கள். ஆந்திரத்தில் குழந்தை பெறும் வயதில் உள்ள கல்யாணமான பெண்களில் பத்துக்கு ஏழு பேர் குழாயைக் கட்டிக்கொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். மாலை, லூப், ஷாக் எல்லாம் தாண்டி, பிள்ளை பெற்ற கையோடு ஒரு வலியாக முடித்துக்கொள்வோம் என்று பெண்கள் கணக்குப் போட்டார்கள்.

இப்போது அதே மாவட்டத்து நாராவாரிபள்ளியில் பிறந்த முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, பிள்ளைகள் குறைந்துவிட்டன, அதிகம் பெறுங்கள் என்கிறார். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற சட்டத்தை 2024 நவம்பரில் நீக்கியும் விட்டார்கள். அதற்கு முந்தைய மாதம், சென்னையில் ஒரு கல்யாண மேடையில் மு.க. ஸ்டாலின், பதினாறே பெறலாமே என்று கிண்டலாகக் கேட்டார். பெறலாம்தான். கட்டிய குழாயை அவிழ்க்கவும் ஆபரேஷன் இருக்கிறது. அதற்கும் அம்மாவே படுத்துக்கொள்வார், ஐயா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.