பூம்பாறை மலைக்குள் அலை ஓட்டுவது எப்படி?

முதல் வேலையாக, மலையைப் பார்க்காதீர்கள். பார்த்தால் மாடல் கெட்டுவிடும். கொடைக்கானலில் அறை எடுத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "பழனி மலை முழுக்க ஒரே சீரான மீட்சிப் பொருள்" என்று எழுதிவிடுங்கள். நிலஅதிர்வுக் கணக்கு அரைப் பக்கத்தில் முடியும். காபிக்கு நேரம் மிஞ்சும்.

மீறிப் பக்கத்து ஊரான பூம்பாறைக்குப் போனீர்களோ, வந்தது வினை. மேலே 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளையும் அடுக்கு வயல். அதற்குக் கீழே மக்கிய பாறை, அடியில் சார்னோக்கைட் என்ற கடும்பாறை. இளகிய மண்ணில் குறுக்கலை விநாடிக்கு 200 மீட்டர்தான் நகரும்; சார்னோக்கைட்டில் நெட்டலை 6,000 மீட்டர் பாயும். இடத்துக்கு இடம் மாறும் மீட்சிக் குணகத்தை மாறிலி என்று சொல்லி வகைக்கெழுவுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடலாம். பலரும் அப்படித்தான் பிழைக்கிறார்கள்.

மனசாட்சி உறுத்தினால் கணினியிடம் போங்கள். விநாடிக்குப் பத்து அதிர்வு என்றால் மண்ணில் அலைநீளம் 20 மீட்டர். ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கணக்கீட்டுப் புள்ளியாவது வேண்டும். ஆக, இரண்டு மீட்டருக்கு ஒன்று. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டிரண்டு கிலோமீட்டர் எடுத்தால் நூறு கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு ஒன்பது எண்கள்: திசைவேகம் மூன்று, தகைவு ஆறு. இதோடு விட்டதா? கால இடைவெளியைப் பாறை தீர்மானிக்கும்: விநாடியை ஐயாயிரம் துண்டுக்கு மேல் நறுக்க வேண்டும். மண் புள்ளியைக் கூட்டுகிறது, பாறை நேரத் துண்டைச் சிறிதாக்குகிறது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒருவரை வதைக்கும் அபூர்வக் குடும்பம் இது.

அறையிலேயே இருந்துவிட்டவர்களுக்கு லவ் அலை என்ற மேற்பரப்பு அலை கிடைக்காது. பெயரைக் கேட்டு ஏங்க வேண்டாம். ஆகஸ்டஸ் லவ் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1911-இல் விளக்கியது. கடினமான அடித்தளத்தின்மேல் இளகிய அடுக்கு உட்கார்ந்தால்தான் அது பிறக்கும். சீரான மலையில் எத்தனை கோடிப் புள்ளி வைத்தாலும் வராது.

மாடலின் ஓரத்தில் அலையை உறிஞ்சும் எல்லை வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அலை சுவரில் மோதித் திரும்பி வரும். அதைப் புதுப் பாறை அடுக்கு என்று அறிவித்துக் கட்டுரையும் எழுதிவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று. சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டு விண்ணப்பம் போடுமுன் ஒரு சம்மட்டி வாங்குங்கள். வயலில் அதிர்வை உணரும் ஜியோபோன்களை வரிசையாக நட்டு, இரும்புத் தகட்டில் ஓங்கி அடித்து, அலை வந்துசேரும் நேரத்தைப் பதியுங்கள். மேல்மண் எவ்வளவு ஆழம், அதில் அலைக்கு என்ன வேகம் என்பது தெரிந்துவிடும். பூண்டு பிடுங்கிய பிறகு போங்கள். வயல்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.